பச்சைக் கோடு படுத்திய பாடு: தெரியுமா?

எழுதுகிறவரின் மதிப்பை 0 முதல் 10 வரை ஒரே ஓர் எண்ணாகச் சுருக்கி, ஊரறியத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? ஆகியே விட்டது! கூகுள் தன் தேடல் வரிசையை மாற்றிய ஒவ்வொரு முறையும் பதிவர்கள் துள்ளினார்கள், துடித்தார்கள், போட்டி நடத்தினார்கள், நீதிமன்றப் படி ஏறினார்கள். சில சமயம் ஒன்றுசேர்ந்து தேடுபொறியையே ஆட்டி வைத்தார்கள்! இருபது ஆண்டுகளுக்கும் மேலான அந்தக் கதையில் வியப்புக்கு மேல் வியப்பு. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பச்சைக் கோடு பிறந்த கதை தெரியுமா?

2000 டிசம்பரில் கூகுள் ‘டூல்பார்’ என்ற ஒன்றை வெளியிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரௌசரின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பட்டை அது. அதில் ஒரு பச்சைக் கோடு! எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அதற்கு கூகுள் தந்திருக்கும் ‘பேஜ்ரேங்க்’ மதிப்பை 0 முதல் 10 வரை அந்தக் கோடு காட்டிவிடும். கோடு நீண்டால் பெருமை, சுருங்கினால் தூக்கம் போச்சு! பிற்காலத்தில், உள்ளுக்குள் கூகுள் வைத்திருந்த கணக்கு நாள்தோறும் மாறிக்கொண்டே இருந்தது. வெளியே தெரிந்த கோடு மட்டும் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் அசைந்தது. அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் பதிவர்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளாகிவிட்டார்கள்!

இன்னொரு வியப்பு: மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2004-ல் கூகுளில் சேர்ந்தபோது, தொடக்கத்தில் அவர் கையில் வந்த வேலைகளில் ஒன்று இந்த டூல்பார்தான்!

அந்த மதிப்பெண்ணை எப்படிப் போட்டார்கள் தெரியுமா?

1996-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் ‘பேக்ரப்’ என்ற ஆராய்ச்சியில் இறங்கினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: ஒரு பக்கம் நல்ல பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் விசாரிக்கும்போது, எத்தனை பேர் நல்லவர் என்றார்கள் என்று மட்டுமா எண்ணுவோம்? சொன்னவர் யார், அவர் எல்லோரையுமே நல்லவர் என்பவரா என்றும் பார்ப்போமல்லவா? அதேதான் கணக்கு! ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் அது ஓர் ஓட்டு. மதிப்புள்ள பக்கம் போட்ட ஓட்டுக்கு அதிக எடை. ஒரே பக்கம் நூறு பேருக்கு இணைப்பு கொடுத்தால், அதன் எடை நூறாகப் பிரிந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு கற்பனை வாசகர் உண்டு. அவர் இணைப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியபடி பக்கம் பக்கமாகத் தாவிக்கொண்டே இருப்பார். அடுத்த இணைப்பை அழுத்த 85 சதவீத வாய்ப்பு. சலித்துப்போய் எங்கோ சம்பந்தமில்லாத ஒரு பக்கத்துக்குக் குதித்துவிட 15 சதவீத வாய்ப்பு. இப்படியே காலமெல்லாம் அலைந்தால் எந்தப் பக்கத்தில் அவர் அதிகம் இருப்பார்? அதுதான் அந்தப் பக்கத்தின் பேஜ்ரேங்க்! 32.2 கோடி இணைப்புகள் கொண்ட வலையை எடுத்து இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டபோது, ஏறத்தாழ 52 சுற்றுகளிலேயே விடை நிலைபெற்றுவிட்டது என்று அவர்கள் ஆய்வுக்கட்டுரையில் எழுதினார்கள். வெறும் 52 சுற்று!

இந்த யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் தெரியுமா?

1895-ல் ஜெர்மானியக் கணித மேதை எட்மண்ட் லாண்டாவ், சதுரங்கப் போட்டியில் மதிப்பெண் போடுவதைப் பற்றி யோசித்தார். பலசாலியை வென்றவருக்கும் பலவீனரை வென்றவருக்கும் ஒரே மதிப்பெண் தருவது நியாயமா என்பதே அவர் கேள்வி! 1976-ல் கேப்ரியல் பின்ஸ்கியும் ஃபிரான்சிஸ் நாரினும், அறிவியல் இதழ்கள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவதை வைத்து இதழ்களை வரிசைப்படுத்தினார்கள். பெரிய இதழ் மேற்கோள் காட்டினால் பெரிய மதிப்பு. பேக்ரப் தொடங்கிய அதே 1996-ல், ராபின் லி என்ற சீனப் பொறியாளர் இணைப்புகளை எண்ணித் தரம் பிரிக்கும் ‘ரேங்க்டெக்ஸ்’ என்ற தேடுபொறியை உருவாக்கினார். அவர்தான் 2000-ல் சீனாவின் மாபெரும் தேடுபொறியான பைடுவைத் தொடங்கியவர்!

காப்புரிமை யார் கையில் இருந்தது தெரியுமா?

கூகுளிடம் அல்ல, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடம்! கண்டுபிடித்தவர் லாரி பேஜ் என்றாலும், 2001 செப்டம்பர் 4 அன்று கிடைத்த அந்தக் காப்புரிமை பல்கலைக்கழகத்தின் சொத்து. அதைப் பயன்படுத்தும் உரிமைக்காக கூகுள் 18 லட்சம் பங்குகளைக் கொடுத்தது. 2005-ல் அவற்றை விற்ற பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது 33.6 கோடி டாலர்! பதிவர்களின் தூக்கத்தைக் கெடுத்த கணக்கு, ஒரு கல்விக்கூடத்தின் கஜானாவை நிரப்பியது.

கூகுள் மாதாமாதம் நடனம் ஆடியது தெரியுமா?

2000-களின் தொடக்கத்தில் கூகுள் தன் பட்டியலை ஏறக்குறைய மாதம் ஒருமுறை மொத்தமாகப் புதுப்பித்தது. புதுப் பட்டியல் எல்லா டேட்டா சென்டர்களுக்கும் பரவச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் ஒரே சொல்லைத் தேடினால் இந்த நிமிடம் 3-ஆம் இடம், அடுத்த நிமிடம் 40-ஆம் இடம்! இதற்கு வைத்த பெயர் ‘கூகுள் டான்ஸ்’. தளம் வைத்திருந்தவர்கள் இரவெல்லாம் கண்விழித்து, கூகுளின் வெவ்வேறு சர்வர் முகவரிகளில் ஒரே சொல்லைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூகுளும் சளைக்கவில்லை. 2002 ஆகஸ்டில் தேடுபொறி மாநாட்டுக்கு வந்தவர்களைத் தன் தலைமையகத்துக்கே அழைத்து, ‘கூகுள் டான்ஸ்’ என்ற பெயரிலேயே விருந்து வைத்தது!

புயலுக்கு வைப்பதுபோல இந்த மாற்றங்களுக்கும் பெயர் வைத்தார்கள். 2003 பிப்ரவரியில் பாஸ்டன், பிறகு கசாண்ட்ரா, டொமினிக், எஸ்மரால்டா, ஃபிரிட்ஸ். அந்த ஆண்டு நவம்பரில் வந்தது ‘ஃபுளோரிடா’. அதுதான் எல்லாரையும் உலுக்கியது! கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். சொற்களைத் திணித்து மேலே வந்த தளங்கள் சரிந்தன. அவற்றோடு, ஒரு தப்பும் செய்யவில்லை என்று கதறிய சிறு வியாபாரிகளின் தளங்களும் காணாமல் போயின. தேடல் வரிசை என்பது பலரின் பிழைப்பு என்று உலகம் உணர்ந்த மாதம் அது.

பதிவர்கள் சேர்ந்து அமெரிக்க அதிபரையே மேலே ஏற்றினார்கள் தெரியுமா?

வலைப்பதிவர்களுக்குத் தேடுபொறியில் இருந்த பலம் அசாதாரணமானது. அடிக்கடி எழுதுவார்கள், ஒருவருக்கொருவர் தாராளமாக இணைப்பு கொடுப்பார்கள். ஓட்டுகளை எண்ணும் கணக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? 2001 ஏப்ரலில் ஆடம் மாத்திஸ் என்ற இளைஞர் இந்தப் பலத்தைச் சோதித்துப் பார்த்தார். திறமையில்லாதவர் என்று பொருள்படும் ஒரு தொடரை எழுதி, அதிலிருந்து தன் நண்பரின் பக்கத்துக்கு இணைப்பு கொடுக்கும்படி மற்றப் பதிவர்களைக் கேட்டுக்கொண்டார். அந்தத் தொடரைத் தேடினால் நண்பரின் பக்கம் முதலில் வந்து நின்றது! நண்பரின் பக்கத்தில் அந்தச் சொற்கள் இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. இணைப்பு கொடுப்பவர் எந்தச் சொல்லில் கொடுக்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது. ‘கூகுள் பாம்’ பிறந்தது இப்படித்தான்.

2003-ல் அது அரசியலுக்குள் நுழைந்தது. ‘படுமோசமான தோல்வி’ என்று பொருள் தரும் ஆங்கிலத் தொடரிலிருந்து ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகை வாழ்க்கைக்குறிப்புக்குப் பதிவர்கள் இணைப்பு கொடுத்தார்கள். அந்தத் தொடரைத் தேடியவர்களுக்கு முதல் விடையாக அதிபரே வந்து நின்றார்! எதிர்முகாம் சும்மா இருக்குமா? அதே தொடரிலிருந்து ஜிம்மி கார்ட்டருக்கும் மைக்கேல் மூருக்கும் இணைப்புகளைக் குவித்தது. 2007 ஜனவரி 25 அன்று, இதுபோன்ற கூட்டுக் குறும்புகளைத் தானாகக் கண்டுபிடித்து முறியடிக்கும் அல்காரிதத்தை கூகுள் அறிவித்தது. எத்தனை ஆண்டுகள் ஆயின பாருங்கள்! சம்பளமில்லாமல் எழுதிய சில நூறு பேரின் இணைப்புகளுக்கு அவ்வளவு வலு.

சேர்த்தால் பொருளே இல்லாத இரண்டு சொற்களுக்காக உலகப் போட்டி நடந்தது தெரியுமா?

2004 மே 7. ‘நிக்ரிட்யூட் அல்ட்ராமரீன்’ என்று யாரும் அதுவரை சேர்த்துச் சொல்லியிராத இரு சொற்களை அறிவித்தார்கள். ஒரு மாதம் கழித்து கூகுளில் அந்தச் சொற்களுக்கு முதலிடத்தில் இருப்பவருக்கு ஒரு பரிசு, இரண்டு மாதம் கழித்து முதலிடத்தில் இருப்பவருக்கு இன்னொரு பரிசு. தேடுபொறி நிபுணர்கள் தங்கள் வித்தைகளையெல்லாம் இறக்கினார்கள். போலிப் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன.

இந்திய வம்சாவளி அமெரிக்கப் பதிவர் அனில் டேஷ் செய்ததோ நேரடியான காரியம். ஒரே ஒரு பதிவு போட்டு, ‘எனக்கு இணைப்பு கொடுங்கள்’ என்று தன் வாசகர்களிடம் வெளிப்படையாகக் கேட்டார். பல ஆண்டுகளாக அவரை வாசித்தவர்கள் கொடுத்தார்கள். ஜூலை 7 அன்று முதலிடம் அவருக்கு! தந்திரப் பக்கங்களைவிட, உண்மையாக எழுதிச் சேர்த்த வாசகர் கூட்டம் வலிமையானது என்று காட்டுவதே அவர் நோக்கம். காட்டியும் விட்டார்!

ஒரு சின்னக் குறி கோடிக்கணக்கான கமென்ட்டுகளின் தலையெழுத்தை மாற்றியது தெரியுமா?

இணைப்புக்கு மதிப்பு என்றதும் ஸ்பேம் கூட்டம் சும்மா இருக்குமா? பதிவுகளின் கீழே கமென்ட் பெட்டிகளில் மருந்து விளம்பரமும் சூதாட்ட விளம்பரமும் கொட்டத் தொடங்கின. ஒரு நாள் கமென்ட்டுகளைச் சுத்தம் செய்யவே பதிவர்களுக்கு ஒரு பொழுது போயிற்று. 2005 ஜனவரி 18 அன்று கூகுள் ஒரு தீர்வைச் சொன்னது. இணைப்பின் நிரலில் ‘நோஃபாலோ’ என்று ஒரு குறி சேர்த்துவிட்டால், அந்த இணைப்பு ஓட்டாக எண்ணப்படாது! போட்டியாளர்களான யாஹூவும் எம்.எஸ்.என்.னும் அதே நாளில் கைகோத்தன. பிளாகர், வேர்ட்பிரஸ், லைவ்ஜர்னல் எல்லாம் ஏற்றுக்கொண்டன. 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவும் தன் வெளி இணைப்புகள் அனைத்துக்கும் இதைப் போட்டது.

பதிவர்களிடையே அன்று பெரிய வாக்குவாதம் மூண்டது. ஸ்பேமுக்குப் பயந்து, உண்மையாகக் கருத்துச் சொல்ல வருகிற நல்லவருக்கும் மதிப்பைத் தடுக்கலாமா? பலர் பிடிவாதமாக அந்தக் குறியை நீக்கி, ‘எங்கள் தளத்தில் கருத்திடுவோருக்கு இணைப்பு மதிப்பு உண்டு’ என்று அறிவித்தார்கள். ஒரு சின்னத் தொழில்நுட்பக் குறியை, விருந்தோம்பலா இல்லையா என்ற கேள்வியாக அவர்கள் எடுத்துக்கொண்டது எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது!

பேஜ்ரேங்க் குறைந்ததற்காக வழக்குப் போட்டார்கள் தெரியுமா?

2002-ல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ‘சர்ச்கிங்’ என்ற நிறுவனம், பேஜ்ரேங்க் அதிகமுள்ள தளங்களில் விளம்பர இணைப்புகளுக்கு இடம்பிடித்துத் தரும் தொழிலில் இறங்கியது. அதன் தளத்தின் பேஜ்ரேங்க் சரிந்தது. கூகுள் மீது வழக்கு! 2003 மே மாதத்தில் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? பேஜ்ரேங்க் என்பது ஒரு கருத்து. கருத்துச் சொல்ல அரசியலமைப்பு உரிமை தருகிறது. வழக்குத் தள்ளுபடி! 2006-ல் ‘கிண்டர்ஸ்டார்ட்’ என்ற பெற்றோர் வழிகாட்டித் தளமும் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. தங்கள் பேஜ்ரேங்க் 0 ஆகிவிட்டது, வாசகர் வரத்து அடியோடு சரிந்தது என்பது அவர்கள் முறையீடு. 2007-ல் அதுவும் தள்ளுபடி. கணிதச் சூத்திரத்திலிருந்து பிறந்த எண்ணைச் சட்டம் ‘கருத்து’ என்று ஏற்றுக்கொண்டது எவ்வளவு பெரிய செய்தி!

2007 அக்டோபரில் பதிவுலகமே ஒரே நாளில் அலறியது தெரியுமா?

பச்சைக் கோட்டின் வரலாற்றில் மறக்க முடியாத வாரம் இது! பணம் வாங்கிக்கொண்டு இணைப்பு கொடுப்பதை நிறுத்துங்கள் என்று கூகுள் சொல்லிக்கொண்டே இருந்தது. அக்டோபர் இறுதியில் செயலில் இறங்கியது. ஃபோர்ப்ஸ், வாஷிங்டன் போஸ்ட், எங்காட்ஜெட் போன்ற பெரிய தளங்களுக்கு 7-லிருந்து 5. பதிவர்களுக்கே பதிவெழுதக் கற்றுக்கொடுத்த ப்ராப்ளாகர், காப்பிபிளாகர் தளங்களுக்கு 6-லிருந்து 4. தேடுபொறிகளைப் பற்றியே எழுதும் தளங்களும் தப்பவில்லை!

எத்தனை விதமான எதிர்வினைகள்! சிலர் கோபத்தில் கொதித்தார்கள்: ‘என் தளத்தில் நான் விளம்பரம் விற்றால், அதைக் கேட்க நீங்கள் யார்?’ சிலர் அன்றிரவே விற்ற இணைப்புகளை எடுத்துவிட்டார்கள். சிலர் பட்டியல் போட்டு, யார் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று ஊர்ப் பஞ்சாயத்துக்கு வைத்தார்கள். அடுத்த மாதமே, காசு வாங்கிக்கொண்டு பொருட்களைப் பற்றி எழுதும் ‘பே பெர் போஸ்ட்’ திட்டத்தில் இருந்த பதிவர்கள் பலருக்கு நேராக 0! அந்த நிறுவனத்தின் தலைவர் டெட் மர்ஃபி, கூகுளை நம்ப வேண்டாம், வாசகர் வரத்தை வைத்து நாமே அளப்போம் என்று ‘ரியல்ரேங்க்’ என்ற சொந்த அளவுகோலையே அறிவித்துவிட்டார்.

எல்லாவற்றையும் மிஞ்சும் வியப்பு இதுதான்: கோடு சுருங்கிய பலரின் தளங்களில் கூகுளிலிருந்து வரும் வாசகர் எண்ணிக்கை குறையவே இல்லை! புள்ளிவிவரத்தைத் திறந்து பார்த்து அவர்களே எழுதினார்கள். வெளியே தெரிந்த எண் எச்சரிக்கை மட்டுமே. ஆனாலும் வலித்தது, ஏனென்றால் விளம்பரக்காரர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் விலை பேசினார்கள்.

கூகுள் தன்னைத்தானே தண்டித்துக்கொண்டது தெரியுமா?

ஒருமுறை அல்ல, பலமுறை! 2009 பிப்ரவரியில் கூகுள் ஜப்பான், தன் புதிய வசதியைப் பற்றி எழுதப் பதிவர்களுக்குப் பணம் கொடுத்தது வெளியே வந்தது. ஸ்பேமுக்கு எதிரான அணியின் தலைவர் மாட் கட்ஸ் தயங்கவில்லை. கூகுள் ஜப்பான் முகப்புப் பக்கத்தின் பேஜ்ரேங்க் 9-லிருந்து 5-க்கு இறங்கியது! 2012 ஜனவரியில் குரோம் பிரௌசருக்கான விளம்பர முயற்சியில், காசு வாங்கி எழுதிய பதிவு ஒன்றில் நோஃபாலோ இல்லாத இணைப்பு இருந்ததைப் பதிவர்கள் கண்டுபிடித்துப் போட்டுடைத்தார்கள். குரோமின் சொந்தப் பக்கமே குறைந்தது 60 நாட்களுக்குக் கீழே தள்ளப்பட்டது! அப்போது குரோம் பிரிவின் தலைவர் யார்? நம் சுந்தர் பிச்சையேதான்!

கெஞ்சி வாங்கிய இணைப்பை, கெஞ்சியே நீக்கினார்கள் தெரியுமா?

2011 பிப்ரவரியில் வந்தது ‘பாண்டா’. நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயரைத் தாங்கிய இந்த மாற்றம், ஆழமில்லாமல் மொத்தமாக எழுதிக் குவிக்கும் தளங்களைக் குறிவைத்தது. அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்களில் அதன் விளைவு தெரிந்தது. 2012 ஏப்ரல் 24 அன்று வந்த ‘பெங்குவின்’, செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளைக் குறிவைத்தது. ஆங்கிலத் தேடல்களில் 3.1 சதவீதம் பாதிப்பு.

அடுத்து நடந்ததைப் பாருங்கள்! அதுவரை ‘ஐயா, ஓர் இணைப்பு கொடுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பியவர்கள், ‘ஐயா, நீங்கள் கொடுத்த இணைப்பைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்’ என்று எழுத ஆரம்பித்தார்கள். எப்போதோ நல்ல மனதோடு இணைப்பு கொடுத்த பதிவர்களுக்கெல்லாம் இப்படிக் கடிதங்கள் வந்து குவிந்தன. நீக்குவதற்குக் காசு கேட்ட தளங்களும் கிளம்பின! கடைசியில் 2012 அக்டோபரில், ‘இந்த இணைப்புகளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்று கூகுளிடமே எழுதிக் கொடுக்கும் வசதி வந்தது.

2014 ஜனவரியில் இன்னோர் இடி: இணைப்புக்காகவே பிறர் தளத்தில் விருந்தினராக எழுதும் பழக்கத்துக்குக் காலம் முடிந்தது என்று மாட் கட்ஸ் எழுதினார். நட்புக்காக விருந்தினர் பதிவு எழுதிய ஆயிரமாயிரம் பேர், நாங்களும் குற்றவாளிகளா என்று குமுறினார்கள். புதிய வாசகர்களைச் சென்றடைய உண்மையாக எழுதுவதில் தவறில்லை என்று அவர் பிறகு விளக்கம் சேர்க்கவேண்டி வந்தது.

தேடல் வரிசைக்கும் வானிலை அறிக்கை உண்டு தெரியுமா?

பெரிய மாற்றம் வரப்போகிறது என்றால், மாட் கட்ஸ் தன் பதிவில் ‘வானிலை அறிக்கை’ என்று தலைப்பிட்டே முன்கூட்டிச் சொல்வார்! 2012-ல் வந்த ‘மோஸ்காஸ்ட்’ அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. கூகுள் வரிசை இன்று எவ்வளவு ஆடியிருக்கிறது என்பதை வெப்பநிலையாகவே காட்டியது. 70 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் சாதாரண நாள். 100-ஐத் தாண்டினால் எங்கோ பற்றி எரிகிறது! பதிவர்கள் ஏன் இப்படி நாடி பிடித்துப் பார்க்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? 2018-ல் மட்டும் கூகுள் தேடலில் செய்த மாற்றங்கள் 3,234. நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 9!

தமிழ்ப் பதிவர்களுக்குத் தனி வரிசை இருந்தது தெரியுமா?

உலகம் பச்சைக் கோட்டுக்குத் தவித்த அதே காலத்தில், தமிழ்ப் பதிவர்கள் வேறொரு வாசலில் கூடினார்கள். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டிதான் அந்த வாசல். புதிய பதிவு போட்டவுடன் அங்கே தெரியும். வாசகர் பரிந்துரை, சூடான இடுகைகள், வாரம் ஒரு நட்சத்திரப் பதிவர் என்று ஒரு முழு உலகமே இயங்கியது! ‘பிடித்திருந்தால் ஓட்டுப் போடுங்கள்’ என்ற வரியைப் பார்க்காத தமிழ்ப் பதிவு வாசகர் அன்று இருந்திருக்கமாட்டார். ஓட்டு முறையைப் பற்றிக் காரசார விவாதங்களும் நடந்தன. தமிழ்ப் பக்கங்களுக்கு கூகுள் ஆட்சென்ஸ் விளம்பர அனுமதி வந்தது 2018 பிப்ரவரியில்தான். அதுவரை, தேடுபொறி வரிசை உயர்ந்தாலும் அதிலிருந்து காசு பார்க்கும் அந்த எளிய வழி தமிழில் எழுதியவர்களுக்கு இல்லை. இருந்தும் ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். எப்பேர்ப்பட்ட ஆர்வம் அது!

பச்சைக் கோடு போன பிறகும் கணக்கு போகவில்லை தெரியுமா?

2013 டிசம்பரில் அந்தக் கோடு கடைசியாக அசைந்தது. 2016-ல் கூகுள் அதை முழுவதுமாக எடுத்துவிட்டது. பேஜ்ரேங்க் செத்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். ஆனால் 2017-ல் கூகுளின் கேரி இல்யேஸ், 18 ஆண்டுகள் கழித்தும் நூற்றுக்கணக்கான வேறு குறிப்புகளோடு பேஜ்ரேங்க்கையும் பயன்படுத்துகிறோம் என்று சொன்னார்! 2024 மே மாதத்தில் கூகுள் தேடலின் உள்ஆவணங்கள் கசிந்தபோது, 14,000-க்கும் மேற்பட்ட அம்சங்களின் பட்டியலில் பேஜ்ரேங்க்கின் பெயர் இருந்தது. ஆவணங்கள் உண்மையானவைதான் என்று கூகுள் ஒப்புக்கொண்டது. முழுச் சூழல் தெரியாமல் முடிவு கட்டாதீர்கள் என்றும் எச்சரித்தது.

பாதிக்கப்பட்டவர்களைத் தலைமையகத்துக்கே அழைத்தார்கள் தெரியுமா?

2022 ஆகஸ்டில் கூகுள், மனிதர்களுக்குப் பயன்படும் எழுத்தை முன்னிறுத்துவோம் என்று ஒரு புதிய மாற்றத்தைத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் அதன் அடுத்த அலை வந்தபோது, தனி ஆளாகவும் சிறு குழுவாகவும் நடத்திய சமையல், பயணம், விளையாட்டு, பொருள் மதிப்பீட்டுத் தளங்கள் பலவற்றின் வாசகர் வரத்து மளமளவென்று சரிந்தது. 2024 மார்ச் 5 அன்று தொடங்கிய பெரிய மாற்றம் முடிய 45 நாட்கள் ஆயின! தேடலில் தரமற்ற பக்கங்கள் 45 சதவீதம் குறைந்தன என்றது கூகுள். காற்றுச் சுத்திகரிப்பான்களைச் சோதித்து எழுதும் ‘ஹவுஸ்ஃபிரெஷ்’ என்ற சின்னத் தளமோ, பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெரிய நிறுவனங்களின் பக்கங்கள் எப்படித் தங்களைத் தாண்டிப் போகின்றன என்று ஆதாரங்களோடு எழுதியது. உலகமெங்கும் அந்தக் கட்டுரையைப் பகிர்ந்தார்கள்!

2024 அக்டோபர் 29 அன்று, பாதிக்கப்பட்ட சுயேச்சைப் பதிவர்கள் சுமார் 20 பேரை கூகுள் தன் தலைமையகத்துக்கு அழைத்து நேரில் கேட்டது. இதற்காக முன்னின்று பேசிய கூகுள்காரர்களில் ஒருவர் டேனி சல்லிவன். அவர் யார் தெரியுமா? 1996 முதல் தேடுபொறிகளைப் பற்றிச் சுயேச்சையாக எழுதி, தளம் நடத்துவோர் பக்கம் நின்றவர். 2017-ல் கூகுளில் சேர்ந்தவர்! வந்தவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள். திரும்பிப்போய் நடந்ததை விரிவாக எழுதினார்கள். உழைத்து எழுதியவர்களுக்கு இழந்த வாசகர்கள் திரும்பக் கிடைக்கவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதை உரக்கச் சொன்ன அவர்களுக்கு ஒரு சல்யூட்!

இந்தக் கணக்கு காட்டையும் காக்கும் தெரியுமா?

2009-ல் ஸ்டெஃபானோ அலெசினா, மெர்சிடிஸ் பாஸ்குவல் என்ற இரு விஞ்ஞானிகள் பேஜ்ரேங்க் கணக்கை உணவு வலைக்குப் பொருத்தினார்கள். முக்கியமான உயிர்கள் எதை நம்பி வாழ்கின்றனவோ, அதுவும் முக்கியமான உயிர்! இறந்த உயிர்கள் மக்கி மீண்டும் செடிகளுக்கு உணவாவதையும் கணக்கில் சேர்த்தார்கள். எந்த உயிரினம் அழிந்தால் தொடர்ந்து பல உயிர்கள் அழியும் என்று இந்தக் கணக்கு திறமையாகச் சுட்டிக்காட்டியது. ‘ஐகன்ஃபேக்டர்’ என்ற அளவுகோல் இதே முறையில் அறிவியல் இதழ்களைத் தரம் பிரிக்கிறது. 1976-ல் இதழ்களிடம் தொடங்கிய யோசனை, வலையைச் சுற்றிவிட்டு மறுபடி இதழ்களிடமே வந்துவிட்டது!

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. தேடுபொறியின் மூளை என்று உலகம் வியந்த கணக்குக்குக் கச்சாப் பொருள், யாரோ ஒருவர் இன்னொருவரின் எழுத்தைப் படித்து, பிடித்துப்போய்க் கொடுத்த இணைப்பு. கணக்கைத் திருத்தித் திருத்தி எழுதியதும் அந்த இணைப்பில் எது உண்மை, எது காசுக்கு என்று பிரிக்கத்தான். பதிவர்கள் கோபப்பட்டதும், குறும்பு செய்ததும், குற்றம் கண்டுபிடித்ததும் அந்தத் திருத்தங்களுக்குக் காரணமாயின. வரிசையில் ஏறி இறங்கியவர்கள் மட்டுமல்ல அவர்கள். அந்த வரிசையை எழுதியதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு!

நீங்கள் எழுதுகிறவராக இருந்தால், அடுத்த அப்டேட் என்ன செய்யுமோ என்று கலங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அண்மையில் உங்களை அசத்திய ஒரு தமிழ்ப் பதிவைத் தேடி எடுங்கள். அது ஏன் பிடித்தது என்று உங்கள் சொந்தச் சொற்களில் நாலு வரி எழுதி, இணைப்பு கொடுங்கள். எழுதாதவராக இருந்தாலும் சரி, படித்ததும் அந்த எழுத்தாளருக்கு ஒரு வரி சொல்லுங்கள், நாலு பேருக்கு அனுப்புங்கள். லாரி பேஜ் கணக்கிட முயன்றது அந்தப் பரிந்துரையைத்தான். அதைச் செய்ய உங்களுக்கு எந்த அல்காரிதமும் வேண்டாம். இன்றே செய்யுங்கள்!